போகாத பயணத்துக்கு எத்தனை மார்க்கு

தாள் திருத்துவதில் நோரா டீச்சருக்குப் பேய்வேகம். சாந்தோமிலிருந்து நடந்தே மயிலாப்பூர்ப் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து உட்கார்ந்தால், மத்தியான மணிக்குள் தன் விடைத்தாள் கட்டை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவார். 1943ஆம் வருஷத்து எஸ்.எஸ்.எல்.சி. தமிழ்க் கட்டுரைத் தாளில் தலைப்பு, ‘நான் போன ஒரு பயணம்.’

முந்தின வருஷம்தான் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானதே! தாளுக்குத் தாள் அதே ரயில், அதே நெரிசல், அதே கும்பகோணத்து அத்தை வீடு. ஒன்று மட்டும், ‘நாங்கள் எங்கும் போகவில்லை, போக இடமில்லை’ என்று தொடங்கியது. பூட்டிக் கிடந்த மாட வீதி, நடுத்தெருவில் படுத்த மாடுகள், வாங்க ஆளில்லாமல் கரையிலேயே நாறிய மீன். நோரா இருபதுக்குப் பதினான்கு போட்டார்.

இரண்டாவதாகத் திருத்திய ஸ்தனிஸ்லாஸ் அதை அடித்துவிட்டு இரண்டு போட்டார். தேற ஏழு வேண்டும்.

“என்ன சார் இது? ஒரு புள்ளையோட வருஷமே போயிடும்.”

“பயணம் எங்க கீது டீச்சர்? வூட்லயே குந்திக்கினு இருந்ததுக்கு டிக்கெட் குடுக்கச் சொல்றீங்களா?”

பக்கத்து பெஞ்சுகள் சிரித்தன. தலைமைத் திருத்தாளர் கோதண்டபாணி எழுந்து வந்தார்.

“இதுக்கு எதுக்கும்மா சண்டை? வழக்கம்போல ரெண்டுக்கும் நடுவுல எட்டு. பாஸ். போய்க் காபி சாப்பிடுங்க.”

நோரா நகரவில்லை. “ஏன் எட்டுன்னு கேட்டா என்ன சார் சொல்லுவோம்?”

“யாரும்மா கேக்கப் போறா?”

“எழுதின புள்ளையால கேக்க முடியாதே சார், அதான் நாமளே கேட்டுக்கணும்.”

கோதண்டபாணி தலையைச் சொறிந்தார். பிறகு மேசையைத் தட்டினார். “எல்லாரும் கேளுங்க. நடைக்கும் விஷயத்துக்கும் உள்ளதைப் போடுங்க. தலைப்பை விட்டு வெளியே போயிருந்தா அதுல நாலு கழிச்சிடுங்க. முடிச்ச கட்டையும் பிரிச்சுப் பாருங்க.”

“நல்லா மாட்டிவிட்டீங்க டீச்சர்,” என்று ஸ்தனிஸ்லாஸ் தன் கட்டின் கயிற்றை அவிழ்த்தார்.

நோராவுக்குப் பிடித்த தாள் பதினான்கிலிருந்து பத்துக்கு இறங்கியது. தேறிவிட்டது. ஆனால் அவர் காலையில் முடித்த கட்டிலேயே இன்னொன்று இருந்தது. ஊர் விட்டு ஊர் போனதில்லை என்று சொல்லிவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதைப் பற்றி யாரோ எழுதியிருந்தார்கள். வறண்ட நடை, கிறுக்கல் எழுத்து. ஓரத்தில் ‘தலைப்பு இல்லை’ என்று எழுதி மூன்று போட்டிருந்தது நோராவின் கைதான். இரண்டு பிள்ளைகளும் செய்தது ஒரே காரியம். ஒருவர் அழகாக எழுதினார் என்பதற்காக அதை மன்னித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

நிதானமாகத் திரும்பப் படித்தார். பத்து கொடுக்கலாம், நாலு போனால் ஆறு. தன் கணக்கில் தனக்கே நம்பிக்கை வரவில்லை. பழைய மார்க்கைக் கையால் மறைத்து ஸ்தனிஸ்லாஸிடம் நீட்டினார். அவரும் படித்துவிட்டு, “பத்து. கழிச்சா ஆறு,” என்றார். நோராவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணுதானே டீச்சர். ஏழாக்கிடுங்க.”

“இன்னொரு கட்டுல ஆறு வாங்கினவனுக்கு யாரு சார் அந்த ஒண்ணைப் போடுவாங்க?”

ஸ்தனிஸ்லாஸ் தாளைத் திருப்பிக் கொடுத்தார். நோரா கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பிறகு ‘ஆறு’ என்று எழுதினார். ‘தலைப்பு இல்லை’ என்பதை அடித்துவிட்டு, எதற்குப் பத்து, எதற்கு நாலு கழிவு என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.