மாமா விட்ட இடைவெளி

டயர் கடைக்கு மேல்மாடியில் என் அக்கா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறாள். வகுப்பு அவளுடையது, குரல் அவள் வீட்டுக்காரருடையது. மாமா போய்ச் சேர்ந்த பிறகும் பாடம் அவர்தான் எடுக்கிறார். வாசலில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்களிடம் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால், "சார் எப்ப வருவார்?" என்று அக்காவிடமே கேட்டுத் தொலைப்பார்கள்.

'கம்' என்ற ஒரே சொல்லை வைத்து மாமா ஒரு முழுப் பாடம் பதிவு செய்திருந்தார். கம் இன், கம் அவுட், கம் அக்ராஸ், கம் பேக். வாலில் ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டால் போதும், அர்த்தம் எங்கேயோ போய்விடும். "வர்றதுக்கு எதுக்கு மாமா இத்தனை வழி?" என்று அலுத்துக்கொள்வேன். "வர்றவங்களுக்கு வசதியா இருக்கட்டுமே" என்பார்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பதிவு நடக்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, மாணவர்கள் திருப்பிச் சொல்ல இடம் விடுவார். கடிகாரம் பார்த்தல்ல. எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லி முடித்துத் தலையாட்டிய பிறகுதான் "வெரி குட்" என்பார். அக்கா மகா நிதானக்காரி. அதனால் வகுப்பு கத்தி முடித்த பிறகும் கொஞ்சம் மௌனம் மிச்சமிருக்கும். அதில் மாமா மூச்சு விடுவது கேட்கும்.

ஒருநாள் வகுப்பு கலைந்த பிறகு சாவிக்காக மாடியேறினேன். உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "கம் பேக்" என்றது மாமாவின் குரல். "கம் பேக்" என்றாள் அக்கா. ஒரு மூச்சு. "வெரி குட்." பேய் என்றால் கூச்சல் போட்டு ஆளைக் கூட்டலாம், அக்காவை என்ன செய்வது? வந்த வழியே இறங்கிவிட்டேன்.

அவள் மகள் நல்லதுதான் நினைத்தாள். கரகரப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்று, பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்தாள். பழையதன் மேலேயே புதியதைச் சேமித்தும் விட்டாள். வேறு பிரதி கிடையாது.

"இப்ப கேளும்மா. சும்மா கிடந்த இடத்தையெல்லாம் வெட்டிட்டேன். அப்பா குரல் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு!"

கம் இன் வெரி குட் கம் அவுட் வெரி குட் என்று, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி மாமா மூச்சே விடாமல் பேசினார்.

"எனக்காக நிக்கவே மாட்டேங்கிறாரேடி" என்றாள் அக்கா.

அப்போதுதான் மகளுக்கு உறைத்தது. தேம்பித் தேம்பி அழுதாள். பளாரென்று ஒன்று வைக்க எனக்குக் கை பரபரத்தது. அவளுக்கும் அவர் அப்பாதானே என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் அக்கா கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். மாமா ஒன்றைச் சொன்னதும் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். வகுப்பு திருப்பிச் சொன்னது. மறுபடி அழுத்தினாள். "வெரி குட்." இப்படியே பாடம் கடைசிவரை வந்துவிட்டது.

"கம் பேக்" என்றார் மாமா. நிறுத்தினாள். வகுப்பு சொல்லி முடித்தது. அக்காவின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. மூச்சு கேட்க வேண்டிய இடத்தில், கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்தான் கேட்டது.

முன்வரிசையில் ஒரு பெண் தயங்கித் தயங்கி, "மேடம், நாங்க சொல்லிட்டோம்" என்றாள்.

"நான் இன்னும் சொல்லலைம்மா" என்றாள் அக்கா.