வயர்லெஸ் வளவின் நடுக் கல்

நான் போனேன். தங்கச்சி புனிதம் வந்தாள். அவளுடைய மகள் ரஜனி, ஒரு புது மண்பானையும் வெள்ளைத் துணியும் கொண்டு வந்தாள். வான் ஓட்டுகிறவர் வந்தார், அவர் வானை விட்டு இறங்கவில்லை. ஐயரையும் கேட்டோம். "எலும்பு கிடைச்சால் சொல்லுங்கோ, வாறன்" என்றார். அவர் வரவில்லை. வளவுக்குள்ளே மண் நிரவுகிற மெஷின்காரர் நின்றார், கிண்ணியா ஆள். அவ்வளவுதான்.

போனது புனிதத்தின் புருஷன் தவத்தை எடுக்க. முப்பது வருசத்துக்கு மேலாய் அவன் அந்த மண்ணுக்குள் கிடக்கிறான். புதைத்தவன் நான். இடம் தெரிந்தவனும் நான் ஒருத்தன்தான். அந்த வளவுக் காணியை ஆரோ எடுத்துவிட்டார்கள், கட்டிடம் வரப்போகுது என்று கேள்விப்பட்டதும் புனிதம் சொன்னாள்: "அண்ணை, அதுக்கு முதல் அவரை எடுத்துக் கொள்ளி வைப்பம்." ஓம் என்றேன்.

சீனன்குடா வீதியில் இருந்து உள்ளே போகவேண்டும். வெள்ளைக்காரன் தன்னுடைய உலகச் சண்டைக்கு வயர்லெஸ் ஸ்டேஷன் வைத்த இடம். எங்கள் காலத்திலேயே ஸ்டேஷன் இல்லை. கூரை இல்லாத இரண்டு அறையும், கம்பம் நின்ற நடுக் கல்லும்தான். கல் என்றால் கொங்கிறீட்டுக் கட்டை. ஆள் உயரம், தலையில் இரும்பு வளையம். பேர் மட்டும் வயர்லெஸ் வளவு என்று நின்றது.

வாசல் தாண்டினதும் காலில் ஒரு துண்டுக் கம்பி தட்டுப்பட்டது. செம்பு. பச்சை பிடித்திருந்தது. விரலில் தேய்த்து மணந்து பார்த்தேன். உங்களுக்கு அந்த மணம் தெரியாது. வியர்த்த கையில் சில்லறையைப் பொத்தி வைத்திருந்தால் கொஞ்சம் கிட்ட வரும். இரண்டு மாதம் நாங்கள் தின்ற சோற்றில் அது இருந்தது.

எங்கள் சண்டைக்குள் நானும் புனிதமும் தவமும் ஊரை விட்டு வந்து அந்த அறைகளுக்குக் கிடுகுக் கூரை போட்டு இருந்தோம். ரஜனி அப்போது வயிற்றில். நான் மேசன் வேலை பழகினவன். சண்டைக்குள் ஆர் வீடு கட்டுவான்? சும்மா குந்தியிருந்தேன். தவம்தான் அடுப்புக்குக் குழி வெட்டப்போய்க் கம்பியைக் கண்டான். நடுக் கல்லில் இருந்து நாலா பக்கமும், சைக்கிள் சில்லின் கம்பி மாதிரி, மண்ணுக்குள்ளால் செம்புக் கம்பி ஓடியது. வெள்ளைக்காரன் அதை ஏன் மண்ணுக்குள் தாட்டான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்காது. தவத்துக்கு எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

"வெள்ளைக்காரன் மண்ணோடையும் கதைச்சிருக்கிறான், மச்சான்."

"என்ன கதைச்சவன்?"

"எனக்கென்ன தெரியும்? இங்கிலீசிலை எல்லோ கதைச்சவன்."

பகிடிக்காரன். கம்பத்தில் கம்பி கட்டுகிற பீங்கான் குமிழ் ஒன்று கண்டெடுத்து, மிளகாய் இடிக்கப் புனிதத்திடம் கொடுத்தான். "இங்கிலாந்து ராசாவின்ரை உலக்கை, கவனம்" என்றான். போன போன இடமெல்லாம் அவள் அதைக் கொண்டு திரிந்தாள். ஏதோ ஒரு முகாமில் அதுவும் போயிற்று.

கம்பிக்கு மேலால் வாய்க்கால் மாதிரி மண்ணை வெட்டுவோம். ஒருவன் முன்னால் குனிந்து கிளப்பிக்கொண்டு போவான். மற்றவன் பின்னால் சுருட்டுவான். குனிந்தவன் கம்பியைத்தான் பார்ப்பான், வேறொன்றும் பார்க்கமாட்டான். பின்னேரம் கம்பி கடைக்குப் போய் அரிசியாய் வரும்.

கடல் பக்கக் கம்பிதான் எல்லாத்திலும் நீளம். அன்றைக்குத் தவம் முன்னால், நான் பின்னால். பழைய முள்ளுக்கம்பி வேலிக்குக் கிட்டப் போனதும் இறுகிவிட்டது.

"வேலிக்கு அங்காலையும் போகுது. விடுவமோ, மச்சான்?"

"ஏன் விடுவான்? போய்ப் பிடிச்சு இழு."

சொன்னது நான்.

மிதிவெடி. ஆர் வைத்தது என்று அப்போதும் நான் கதைக்கவில்லை, இப்போதும் கதைக்கமாட்டேன். வெட்டின வாய்க்காலாலேயே அவனை இழுத்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் வரை உயிர் இருந்தது. பாதை பூட்டு. ஆசுபத்திரிக்கும் ஏலாது, பிறகு சுடலைக்கும் ஏலாது.

மண் இளகிக் கிடந்த இடம் அந்த வாய்க்கால்தான். அதையே அகட்ட வெளிக்கிட்டேன். புனிதம் பாலை மரத்தைக் காட்டினாள். "அதுக்குக் கீழை வையுங்கோ அண்ணை. பிறகு வந்தால் தெரியும்."

"மரத்தை ஆரும் தறிச்சுப்போடுவான். நான் கல்லிலை இருந்து காலடியாலை அளந்து வைக்கிறன். வெள்ளைக்காரன்ரை கொங்கிறீட்டு, ஆராலும் அசைக்க ஏலாது" என்றேன்.

மேசன் புத்தி. புருஷன் கிடக்கிறான், நான் கொங்கிறீட்டின் பலம் கதைக்கிறேன்.

பிறகு கன காலம் அந்தப் பக்கம் ஆரையும் போக விடவில்லை. வெடி எடுத்து முடிய விட்டார்கள். போய் அவரை எடுப்பமோ என்று அப்போதே புனிதம் கேட்டாள். "கல்லு ஓடியே போகப்போகுது?" என்றேன். ஒரு வருசம் மழை என்றேன், ஒரு வருசம் முழங்கால் நோ என்றேன். அவனுக்கு முன்னால் போய் நிற்கப் பயம். அதைச் சொல்லவில்லை.

இப்போது வளவு உள்ளங்கை மாதிரி வெளித்துக் கிடந்தது. அறை இல்லை. வேலி இல்லை. கல் இல்லை.

மெஷின்காரர் இறங்கி வந்தார். "அண்ணே, நான் வரக்குள்ள கல் இல்ல. முன்ன வந்த ஆக்கள் உடைச்சு ரோட்டு வேலைக்கு ஏத்திட்டாங்களாம். நிரவத்தான் என்னக் கூப்பிட்ட."

விசயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். "எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்க. மெஷின் வாளிய மெல்ல மெல்ல வெச்சு எடுத்துத் தாறன். ஒண்டும் தர வேணாம்."

நல்ல மனிசன். எனக்குத்தான் காட்ட இடமில்லை. அங்கே நடந்தேன், இங்கே நடந்தேன். எல்லாம் ஒரே மண். பாலை மரம் நின்றது. அதில் இருந்து நான் ஒருநாளும் அளக்கவில்லை. புனிதம் மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.  "அப்பவே சொன்னனான்" என்று சொல்லியிருக்கலாம்.

ரஜனி பானையை இடுப்பில் வைத்தபடி கிட்ட வந்தாள். தகப்பன் முகம் தெரியாத பிள்ளை.

"கல்லிலை இருந்து எத்தினை காலடி, மாமா?"

நாற்பத்தொன்று.