குருவி இல்லாத படம்

கிள்ளானில் என் வீட்டுப் பின்பக்கம் வந்து பாருங்கள். மரத்தில் தொங்கும் தட்டுகளில் பப்பாளியும் வாழைப்பழமும் தினமும் நானே வைக்கிறேன். வராத குருவி கிடையாது. கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா, தவணை இல்லாமல் வாங்கினது. நாலாம் வகுப்போடு நின்று, லோரி கழுவி, லோரி ஓட்டி, பிறகு லோரி வாங்கியவன் நான். ஷா ஆலமிலிருந்து படித்தவர்கள் போன் போட்டு, "எப்படி அங்கிள் எடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுப்பேன்.

ஆனால் என் வீட்டுச் சுவரில் இருக்கும் நல்ல படம் நான் எடுத்ததல்ல. அதில் குருவியும் இல்லை.

அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பின்னால் கொய்யா மரத்தில் அம்மா ஒரு கொட்டாங்கச்சியைக் கட்டி, காலையில் பழுத்த பப்பாளி போடுவார். மெர்பா எனும் கொண்டைக்குருவிகள் ஜோடியாக வந்து தின்றுவிட்டுப் பாடும். வாலுக்கடியில் மஞ்சளாக இருப்பதால் பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் மஞ்சக்குண்டி.

அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும் என்றிருந்தபோது மாமா வந்தார். அம்மாவின் தம்பி, படக்கடையில் வேலை. முதலாளியின் கேமரா கழுத்தில் தொங்கியது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர் அம்மா. அடையாளக் கார்டுக்குப் படமெடுத்த அன்றே காய்ச்சலில் படுத்தவர்.

"அக்கா, ஒன்னே ஒன்னு லா."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறவள இன்னைக்கே அனுப்பி வைக்கப் பாக்கிறியா? போடா."

மாமா கேமராவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு என்னிடம், "வா, மஞ்சக்குண்டியப் புடிப்போம்," என்றார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்து, கோழிக்கூண்டுக்குப் பின்னால் அவரோடு குந்தினேன். குருவிகள் வந்தன, தின்றன, பாடின. மாமா கேமரா பட்டனை அழுத்தவேயில்லை. விலாவில் இடித்தேன். "பொறுடா," என்றார். பழம் தீர்ந்தது.

"அக்கா, பழம் காலி. கொஞ்சம் போடு, பறந்துரும்."

"படம் குருவிக்குத்தானே?"

"குருவிக்குத்தான்."

அம்மா பப்பாளித் துண்டோடு வந்தார். கிளையில் காத்திருந்த குருவியை அண்ணாந்து பார்த்து, "இரு, இரு, தரேன்," என்று சிரித்தார். அப்போதுதான் மாமா அழுத்தினார்.

ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. அவர் முகம் இருந்த ஒரே படம், அந்த அடையாளக் கார்டையும் இறப்பைப் பதியப் போன ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள். காரியம் முடிந்தபின் மாமா அந்தப் படத்தை என் கையில் கொடுத்தார். கொட்டாங்கச்சியை எட்டும் கை, சிரித்த முகம், வெறும் கிளை. நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன்.

"குருவி எங்க? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"பறந்துருச்சுடா," என்றார் மாமா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் கேமராவைத் தொடவில்லை. படக்கடை வேலையையும் விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் பின்பக்கம் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வார். ஒரு குருவியைத் தவறவிட்டதற்கு இவ்வளவு வெட்கமா என்று எனக்குப் பாவமாக இருந்தது. ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரிய மனுஷன் மாதிரி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"விடுங்க மாமா. உங்க மேல தப்பில்ல. அடுத்த தடவை புடிச்சிரலாம்."