தானா நிக்கிற கார்

எங்க முதலாளி புதுக் கார் எடுத்தப்போ, கூடவே எனக்கு ஒரு போட்டியையும் எடுத்துகினு வந்தாரு. அது காருக்குள்ளயே இருந்துச்சு. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு கேமரா, முன்பக்கம் ஒரு ரேடார். குறுக்க எவனாச்சும் வந்தா தானா பிரேக் போடுமாம். ரோட்டுல போட்ட கோட்டைத் தாண்டினா ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடிக்குமாம். முன்னாடி போற வண்டி நின்னா நிக்கும், கிளம்பினா கிளம்பும். ஷோரூம்ல டை கட்டின ஆளு இதையெல்லாம் சொல்லச் சொல்ல, முதலாளி என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்து சிரிச்சாரு. பதினெட்டு வருஷமா அவருக்கு வண்டி ஓட்டறேன், அந்தச் சிரிப்பு எனக்குப் புரியாதா என்ன?

புரியலைன்னாலும் வர்ற வழியில வாயாலயே சொல்லிட்டாரு. ஆறு மாசம் பக்கத்துல உக்காந்து பழகிக் குடு, அப்புறம் நானே ஓட்டிக்குவேன், நீ வேற எடம் பாத்துக்கோன்னாரு. எங்க ஊரு சந்தவாசல்ல எனக்குக் காணி நிலம் கிடையாது. பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். நாப்பத்தெட்டு வயசுல எவன் என்னைப் புதுசா டிரைவரா சேத்துப்பான்? சரிங்கன்னு சொன்னேன், வேற என்னத்தைச் சொல்றது.

அந்த மகாபுத்திசாலி எங்க ஊர்ல பட்ட பாடு இருக்கே. போளூர் ரோட்டுல கோடே கிடையாது. கோட்டைத் தேடித் தேடிப் பாத்துட்டு, என்னால ஆகாதுன்னு தானா ஆஃப் ஆயிடும். லாரிக்காரன் ரைட் இண்டிகேட்டர் போட்டா, 'நீ ஏறிப் போ'ன்னு அர்த்தம்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அந்தக் காரைச் செஞ்ச ஊருல அதை யாரும் சொல்லித் தரல போல. ஆடி வெள்ளிக்குப் படவேடு கோயிலுக்குப் போனோம். கூட்டத்தைப் பாத்ததும் வண்டிக்குக் கை கால் ஓடல. ஆள் குறுக்க வந்தா பிரேக், ஆடு வந்தா பிரேக், பலூன்காரன் வந்தா பிரேக். கடைசியில நான் டிரைவர் சீட்டுல உக்காந்து, அதையெல்லாம் ஆஃப் பண்ணிட்டு, கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். முதலாளி அன்னிக்குப் பூரா வண்டியோட பொறுமையைத்தான் மெச்சிகினு இருந்தாரு.

நாலாவது மாசம் ஒரு காலையில, நெசவுக்காரங்க தெருவுக்கு அவரே ஓட்டறேன்னாரு. எங்க முதலாளி பட்டு யாவாரி. வீடு வீடா பட்டு நூல் குடுத்து சேலையா நெய்ய வெச்சு வாங்கறவரு. ஆனா அந்தத் தெருவுக்குக் காலையில வந்ததே இல்ல. பட்டு மூட்டையைக் கொண்டுபோறதெல்லாம் நான்தான். காலையில அங்க பாவு நீட்டுவாங்க. அதாவது, தறியில ஏத்தறதுக்கு முன்னாடி சேலைக்கான நூலையெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிச்சுப் போடுவாங்க. அதோட கயித்தைத் தெருவுக்குக் குறுக்க இழுத்து எதிர்ப்பக்கக் கம்பத்துல கட்டியிருப்பாங்க. அந்த நேரத்துல கல்யாண கார் வந்தாலும் சரி, ஓட்டு கேக்க வர்ற ஜீப் வந்தாலும் சரி, ஹாரன்கூட அடிக்காம திரும்பி அடுத்த தெரு வழியாத்தான் போகும்.

நான் இடது பக்க சீட்டுல. தூரத்துலயே பாவைப் பாத்துட்டேன். முதலாளி, நிறுத்துங்க, பாவு கட்டியிருக்குன்னு சொன்னேன். அவரு காலை எடுத்து மடக்கி வெச்சுகினு, திரையைக் காட்டினாரு.

"அது பாத்துக்கும். நீ சும்மா வேடிக்கை பாரு."

திரையில ரோடு சுத்தமா இருந்துச்சு. கயிறு அதோட கண்ணுல படல, நூல் எங்க படப்போவுது. நான் கை நீட்டி ஹேண்ட் பிரேக் பட்டனை இழுக்கறதுக்குள்ள கயிறு பம்பர்ல மாட்டி, பாவைத் தாங்கின ஊன்றுகோலெல்லாம் சாஞ்சு, பாவு மொத்தமும் ஓரச் சாக்கடையில போய் விழுந்துச்சு. நல்லவேளை, யாருக்கும் அடி படல. அதுக்கப்புறம்தான் வண்டி பீப் பீப்புன்னு கத்துச்சு.

அந்தப் பாவு எனக்குத் தெரிஞ்ச அக்காவோடது. ஒவ்வொரு தடவை மூட்டை கொண்டுபோகும்போதும் எனக்கு டீ குடுக்கறவங்க. நாங்க ரெண்டு பேரும் வண்டியை விட்டு இறங்கும்போது, அவங்க கையில அறுந்த நூலைப் பிடிச்சுகினு நின்னாங்க. அழக்கூட இல்ல. தெருவே கூடிடுச்சு. யாரு ஓட்டினதுன்னு கேட்டாங்க.

முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

"இவன்தாம்மா. எத்தினி தடவை சொன்னாலும் கேக்கறதில்ல."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் முதலாளியைப் பாத்தேன். அவரு அவ்ளோ பயந்து நான் பாத்ததே இல்ல. ஆமாங்க்கா, நான்தான், தெரியாம வந்துட்டேன்னு சொன்னேன். பட்டு என்னுது, நஷ்டம் எனக்குத்தான்னு முதலாளி பெரிய மனுஷனா பேசினாரு. அக்காவுக்குப் போன உழைப்பையும் கூலியையும் பத்தி யாரும் பேசல.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பாதி வழியில, வேற எடம் எதுவும் பாக்காத, என்ன இருந்தாலும் வண்டிக்குன்னு ஒரு ஆளு வேணும்னாரு. வண்டி தானா ஓடும், தானா நிக்கும். அடி வாங்கிக்கத்தான் அதுக்கு ஆள் வேணும்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. அதைவிட அசிங்கம் என்னன்னா, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. பொண்ணு காலேஜ் முடிச்சிடுவான்னு மனசு கணக்குப் போட்டுச்சு.

பத்து நாள் கழிச்சு அக்கா வீட்டுக்குப் புது மூட்டை கொண்டுபோனேன். டீ வரல. மூட்டையை வாங்கிக்கினு, என் முகத்தைப் பாக்காமலே கேட்டாங்க.

"அன்னிக்கு நீ இடது பக்கக் கதவைத் தொறந்துகினுதான தம்பி இறங்கின?"

நான் செருப்பை மாட்டிக்கினு வந்துட்டேன்.