குல்லாவில் தைக்க ஒரு பெயர்

பெங்களூர் கண்டோன்மென்ட் மார்க்கெட்டில், தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் பாயிடம் குழந்தைக் குல்லா ஒன்றை நீட்டுகிறேன். என் தங்கைக்குப் பெண் பிறந்திருக்கிறது. பார்க்கத்தான் சேலத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன்.

"என்னா பேரு போடணும்மா?"

அங்கேதான் சிக்கல். தங்கை காதலித்துக் கட்டிக்கொண்டவர் கிறிஸ்தவர். குழந்தைக்கு லூசி என்று வைக்கவேண்டும் என்கிறார் அவள் மாமியார். ஜோதி என்று வைத்தால்தான் பேத்தியைப் பார்க்க வருவேன் என்று எங்கள் அப்பா ஊரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதைச் சொன்னதும் பாய் வாய்விட்டுச் சிரிக்கிறார்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா! லூசின்னாலும் வெளிச்சம்தான். ஞானஸ்நான கவுன் தைக்கக் குடுத்த டீச்சரம்மா சொன்னாங்க. எம்பொண்ணு பேரு நூர். அதுவும் வெளிச்சம்தான்."

எனக்கும் சிரிப்பு பொங்குகிறது. "அப்போ எதைப் போடுவீங்க, பாய்?"

அவர் சிவப்பு நூலைக் கோத்து, குல்லாவின் நெற்றியில் சின்னதாக ஒரு விளக்கைத் தைத்துக் கொடுக்கிறார்.

வாங்கிக்கொண்டு நேரே தபாலாபீசுக்கு நடக்கிறேன். அப்பாவுக்கு ஒரு தந்தி அடிக்கிறேன்: "லூசி என்றாலும் ஜோதிதான். உடனே புறப்பட்டு வரவும்."