வரதன் மாமாவின் வண்டி ஆடியது ஏன்

சென்ற மாதம் ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, லஸ் முனையிலுள்ள வரதன் மாமாவின் பல் வைத்தியசாலையின் கதவு மூடியிருந்தது. பல்வலிக்காரர் ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். "டாக்டர் காலைல தவறிட்டாராம்மா. மாரடைப்பாம்," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

நம் தெருவில் வரதன் மாமாவிடம் பல் பிடுங்கிக்கொள்ளாதவர்கள் குறைவு. பிடுங்கிய பல்லை நம் கையிலேயே கொடுத்து, "என்ன தெரியறது, பார்த்துச் சொல்லுங்கோ" என்பாரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாயில் பஞ்சு இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வது என்று அவர் யோசித்ததே இல்லை.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அவருடைய பச்சைப் பந்தயக் காரையும் நீங்கள் அறிவீர்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் வீட்டுக்கு எதிரே அவர் வீட்டில் செங்கல்மேல் நின்றிருந்தது. நான் அதில் உட்கார்ந்துதான் கதைப்புத்தகம் படிப்பேன். யுத்தம் முடிந்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் என்று சேதி வந்ததும் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தடவையாவது அந்த வண்டியை அதன் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பதே அவர் ஆசை. அவர் மனைவி கமலா மாமி ஒரு நிபந்தனை போட்டார். "வண்டி சரியா இருக்குன்னு நேக்குத் தோணினாத்தான் நீங்க கிளம்பலாம்."

வண்டி தரைக்கு நெருக்கமாக இருந்தால் வளைவுகளில் அதிகம் சாயாது என்று மாமா எங்கோ படித்திருந்தார். ராயப்பேட்டை மெக்கானிக் காதர் பாய், வண்டியைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வளைவு குறைந்த, இன்னும் விறைப்பான பட்டைகளைச் செய்வித்து மாட்டினார். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிற ஷாக் அப்சார்பர்கள் மட்டும் பழையவை. "அது நல்லாத்தான் கீது சார். அத்த எதுக்குத் தொடணும்?" என்றார் பாய்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் எலுமிச்சம்பழம் வைத்தவரும் காதர் பாய்தான். அதில் மாமியைவிட அவருக்கு நம்பிக்கை அதிகம். தெருவே குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மாமா வண்டியை ஏற்றி நசுக்கி, எங்கள் கேட்டுக்கு எதிரே வந்து நிறுத்தினார். "எல்லாம் சுத்தமா நசுங்கிச்சி. தைரியமா போ சார்," என்றார் பாய். மாமியும் சம்மதமாகச் சிரித்தார். அதற்குமேல் வண்டியைச் சோதிக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டுக்கு உள்ளே நின்றிருந்ததால் பழங்கள் எனக்குத் தெரியவில்லை. வண்டியின் முன்விளக்குதான் தெரிந்தது. பிரேக் போட்டதும் அது கேட்டின் குறுக்குக் கம்பிக்குக் கீழே இறங்கியது, மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. சக்கரங்கள் நின்ற பிறகும் வண்டி தலையாட்டிக்கொண்டே இருந்தது.

மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "நீ என்ன பார்த்தே?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார்.

"விளக்கு ஆடிண்டே இருக்கு மாமா. முன்னெல்லாம் ஒரு தடவை குனிஞ்சு நின்னுடும்."

"நாள் பூரா புக்கு படிச்சிக்கினு இருந்தா எல்லாம் ஆடத்தான் செய்யும்," என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இறங்கி வந்து வண்டியின் முன்பக்கத்தை அழுத்திவிட்டுப் பார்த்தார். பாயும் அழுத்திப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. "ஆமா சார். ஸ்பிரிங்கு முறுக்கா கீது. அத்தப் புடிச்சி நிறுத்த பழைய ஷாக்குக்குத் தெம்பு இல்ல."

அன்று சாயங்காலமே அடையாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். இறங்கியதும் வண்டி தத்தித் தத்திச் சாலையோரத்து மரத்தை நோக்கிப் போயிற்றாம். விறைப்பான ஷாக்குகள் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். பந்தயமோ அந்த ஞாயிற்றுக்கிழமை. மாமி பழம் நசுங்கியதைப் பார்த்துச் சம்மதித்தாயிற்று, மாமா பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும், "கமலா, வண்டி சரியா இல்லே," என்றார்.

பழைய ஸ்பிரிங்குகளையே மாட்டிக்கொண்டு, மிதமாக ஓட்டி, கடைசியாக வந்தார். "கடைசியா வந்தாலும் ஆத்துக்கு வந்தேளே," என்று மாமி காபியை நீட்டினார். "எல்லா வண்டியும் வளைவிலே எப்படிச் சாயறதுன்னு பார்த்தது நான் ஒருத்தன்தான்," என்றார் மாமா. அடுத்த பந்தயத்துக்கு ஆகுமென்று ஷாக்குகளுக்கு எழுதிப் போட்டார்.

அந்த ஷாக்குகளின் பெட்டி சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தது. மாமி காதர் பாயை அழைத்துவரச் சொன்னார். "அவர் பார்க்கணும்னு இருந்தார். இதையும் அந்தப் புது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாட்டுங்கோ," என்றார்.

துக்க வீடு என்பதால் பழம் வைக்கவில்லை. பாய் வண்டியைத் தெருமுனைவரை ஓட்டித் திரும்பி வந்து, எங்கள் கேட்டுக்கு எதிரே பிரேக் போட்டார். விளக்கு ஒரு தடவை குனிந்தது. நிமிர்ந்து அப்படியே நின்றது.

"இன்னா பார்த்தே, சொல்லு பாப்பா."

நான் ஒரு விரலைக் காட்டினேன். எதிர்வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் மாமி தலையசைத்தார்.

"நீ என்ன பார்த்தே?" என்ற கேள்வியை மாமாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை அவர் வண்டியைவிட்டு இறங்காமல் காத்திருந்ததையும்.