கட்டிலோடு போடிமெட்டு ஏறியவன்

பாய்மரப் படகு என்றால் தண்ணீரில் நிற்கிற வீடு, அவ்வளவுதான் என்று நம்பிய முட்டாள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தேன். கடலைப் பார்த்ததில்லை. பார்க்காததைப் பற்றி அடித்துப் பேசுவதில் மட்டும் எனக்கு நிகர் கிடையாது.

மலைமேல் ஏலத்தோட்ட மேனேஜர் ஒருவர், வேலையை விட்டதும் கொச்சியில் பழைய படகு ஒன்றை வாங்கினார். மனைவியோடு அதிலேயே குடியிருக்கப் போகிறாராம். உள்ளே வைக்கக் கட்டில், மேசை, அலமாரி வேண்டும். காகிதத்தில் வரைந்தும் கொடுத்தார். கட்டிலின் ஓரத்தில் முழங்கை உயரப் பலகை, மேசையைச் சுற்றி விளிம்பு, இழுப்பறைகளுக்குக் கொக்கி.

எனக்கு வந்ததே கோபம்! இது கட்டிலா, மாட்டுத் தொட்டியா? மேசையா, ஏலக்காய் காய வைக்கிற தட்டா?

"அய்யா, போடியில என் கட்டில் இல்லாத கல்யாணமே இல்ல. எனக்கா வரைஞ்சு காட்டுறீக?"

"சொன்னபடி செய்யப்பா. சரியில்லைன்னா கொச்சி ஆசாரிய விட்டுப் பிரிச்சு எறிஞ்சிருவேன்."

போடிக்காரன் வேலையைக் கொச்சிக்காரன் பிரிப்பதா? பொருமிக்கொண்டே என் இஷ்டத்துக்குச் செய்தேன். பலகை இல்லை, விளிம்பு இல்லை, கொக்கி இல்லை. இழுப்பறைகளுக்கு மெழுகு தேய்த்திருந்தேன், விரல் பட்டாலே ஓடும்.

எல்லாவற்றையும் லாரியில் கயிறு போட்டுக் கட்டினோம். என் உளி, சுத்தியல் இழுப்பறையில். புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி மேசைமேல். நான் கட்டிலில், ஜமீன்தார் போல.

போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவது வளைவு. முதலில் நான் உருண்டேன். என்மேல் புளிச்சோறு. திரும்புவதற்குள் இழுப்பறை மூன்றும் பாய்ந்து வந்து முதுகில் இடித்தன. சுத்தியல் காதோரம் பறந்தது.

"ஆத்தா! லாரி கவுந்துருச்சே!"

டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்.

"லாரி ரோட்டுலதாண்ணே நிக்கிது. நீங்கதான் கட்டில்ல இல்ல."

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் யாரைத் திட்டுவது? மலை ரோடே இப்படி ஆட்டினால் கடல் என்ன செய்யும்? அந்த மனிதர் மனைவியை இதில்தானே தூங்க வைக்கப் போகிறார்!

மெட்டுக்கு மேலே, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர் ஒன்றில் லாரியை நிறுத்தச் சொன்னேன். உடைந்த தட்டுகளையும் நாலு பலகையையும் கெஞ்சி வாங்கி, காகிதத்தில் இருந்தபடியே அடித்து முடித்தேன்.

யாராவது வரைந்த காகிதத்தை நீட்டினால், இன்றும் வாய்க்கு முன்னால் என் முதுகு "சரிங்கய்யா" என்று சொல்லிவிடுகிறது. கொச்சி ஆசாரி எதையும் பிரிக்கவில்லை. அந்தப் படகு மேசைக்கு விளிம்பாகப் போனது ஏலக்காய்த் தட்டின் சட்டம்தான்.